இனியா தொடாத கட்டம்

அன்பு மகள் ஜோவிதாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தி இனியாவும் அந்த அமெரிக்கக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க தினமும் ஜெபமாலையில் வேண்டிக்கொள்கிறோம். உழவர்கரையில் விடாத மழை, மாடியில் உன் அறை ஒழுகுகிறது, உன் தம்பி லூர்துபிரகாஷ் தட்டாஞ்சாவடி கம்பெனியிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து போட்டிருக்கிறான். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான்.

இனியா காலேஜுக்கு அப்ளிகேஷன் போடுகிறாள், அதில் என்ன இனம் என்று ஒரு கேள்வி இருக்கிறது என்று நீதான் சொன்னாய். நான் அதை நம் ஊர் வழக்கப்படி புரிந்துகொண்டேன். உன்னை நர்சிங் சேர்க்க ஜாதிச் சான்றிதழுக்கு நான் அலைந்தது உனக்கு மறந்திருக்காது. பேத்திக்கும் கேட்பார்களே என்று உன் டி.சி., ஞானஸ்நானச் சான்று, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு பிரகாஷ் ஸ்கூட்டரில் போய் வி.ஏ.ஓ. அம்மா முன்னால் நின்றேன். தாய் தமிழ்க் கிறிஸ்தவள், தகப்பன் வெள்ளைக்காரர், பிள்ளை இரண்டும்தான் என்று ஒரு தாள் எழுதிக் கொடுங்கள் என்றேன். பாவம், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அமெரிக்காவுக்கு நான் எப்படி ஐயா எழுதித் தருவது, எதற்கும் பேத்தியைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சாயங்காலம் இனியாவைக் கூப்பிட்டேன். தாளே வேண்டாமாம். தான் யார் என்று பிள்ளை சொல்வதுதான் அத்தாட்சியாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கே நான் யார் என்பதை தாசில்தார் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும், என் வாயால் சொன்னால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். சரி, நீ என்னம்மா போட்டாய் என்று சந்தோஷமாகத்தான் கேட்டேன். வெள்ளை என்ற கட்டத்தை மட்டும் தொட்டேன், இந்தியர்களுக்கான ஏசியன் கட்டத்தைத் தொடவில்லை என்றாள். "ரெண்டும் தொடலாம் தாத்தா, ஆனா அம்மாதான் ஏசியன் வேணாம்னு சொன்னாங்க" என்றாள், அவளுடைய அந்த மழலைத் தமிழில். போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். சொன்னது நீ. உன் அம்மா ஆனந்தமேரி அழவில்லை, சண்டை போடவில்லை, போனை வைத்ததும், "அப்போ நான் அவளுக்கு யாராம்?" என்று என்னைக் கேட்டாள்.

மறுநாள் நீ வாய்ஸ் மெசேஜில் காரணம் சொன்னாய். ஏசியன் என்றால் போட்டி அதிகம், குடும்பப் பெயரும் நிறமும் அவள் அப்பாவுடையது, யாருக்கும் தெரியப்போவதில்லை, இனம் பார்த்து இடம் தரக்கூடாது என்ற அந்த ஊர் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு இப்போது காலேஜ்காரர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதே இல்லை, சும்மா ஒரு பாதுகாப்புக்கு என்றாய். பிள்ளை நல்ல காலேஜில் சேர வேண்டும் என்ற உன் பதைப்பு எனக்குப் புரியாமல் இல்லை, அதே பதைப்பில்தான் நானும் வி.ஏ.ஓ.விடம் போய் நின்றேன். கலந்து பிறந்த பிள்ளைகளும் புதுச்சேரிக்காரனுக்குப் புதிதில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். காலேஜ்காரர்கள் பார்க்கவே மாட்டார்கள் என்றால் யார் கண்ணிலிருந்து எங்களை மறைத்தாய்? அதைப் பார்த்தது இனியா ஒருத்திதானே அம்மா.

ஜனவரி முதல் தேதி வரை நேரம் இருக்கிறதாம், அதுவரை அப்ளிகேஷனைத் திருத்தலாமாம். இதைத் தொடு என்று நான் சொல்ல மாட்டேன், தொடாதே என்று நீயும் சொல்லாதே. பிள்ளையே முடிவு பண்ணட்டும். வேலை வேலை என்று வேளைக்குச் சாப்பிடாமல் இருக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு, இனியாவுக்கு மாதாவின் ஆசீர்வாதமும் உன் அம்மாவின் முத்தங்களும்.

இப்படிக்கு,
உன் அப்பா தனிஸ்லாஸ்,
அவள் எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் இனியாவின் தாத்தா.