மூன்று ஸ்பேட்

மார்ச் 3

அன்புள்ள பார்ட்னருக்கு,

இதை நானே எழுதுகிறேன். யூனியன் ஆபீஸ் மாடியில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு நடக்கிறது. ஒரு பக்கம் முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் என் சந்தோஷத்துக்கு அளவில்லை.

நீ மகன் வீட்டுக்குப் போன பிறகு கிளப்பில் எனக்கு ஜோடி இல்லை. அலமாரியில் கிடந்த பிரிட்ஜ் சீட்டாட்டப் புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். ஒரு சந்தேகம். நீ ஒரு ஸ்பேட் என்று ஏலத்தைத் தொடங்குவாய். நான் இரண்டு என்பேன். நீ மூன்று என்றால் நான் பாஸ் சொல்லிவிட வேண்டும் என்றுதானே சொல்லிக்கொடுத்தாய்? புத்தகத்தில் அது கேள்வி என்று போட்டிருக்கிறது. 'உன் கை நன்றாக இருந்தால் நான்குக்குப் போ, பெரிய மார்க் கிடைக்கும். இல்லையென்றால் நிறுத்து' என்று பார்ட்னரைக் கேட்பதாம். புத்தகம் தப்பா, நீ தப்பா?

வெல்டர்

மார்ச் 15

வெல்டருக்கு,

உன் எழுத்து என் மருமகள் எழுத்தைவிடத் தெளிவு.

புத்தகம் சரி. பகலெல்லாம் டிராயிங் போர்டில் குனிந்துவிட்டுக் கிளப்புக்கு வருவேன். உன்னைக் கேட்டால் சீட்டைப் பார்ப்பாய், விட்டத்தைப் பார்ப்பாய், மறுபடி சீட்டைப் பார்ப்பாய். எனக்குத் தூக்கம் வந்துவிடும். நானே முடிவெடுத்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். உன்னை நம்பவில்லை என்று நீ சொன்னால், அதுவும் பொய்யில்லை.

இங்கே மாடியறை. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எழுதவும் அலுப்பாக இருக்கிறது.

டிராயிங்

மார்ச் 24

பார்ட்னருக்கு,

கோபம் வந்தது. கோபத்தை எழுத எத்தனை எழுத்து வேண்டியிருக்கிறது தெரியுமா? பாதியில் கை வலித்து, கோபமும் ஆறிவிட்டது.

ஆனால் கிளப் போட்டியில் நாம் கோட்டைவிட்ட அந்தக் கோப்பை மட்டும் ஆறவில்லை. கடைசி ஆட்டத்தில் நீ மூன்று என்றாய். என் கையில் ஏஸும் கிங்கும். விழுங்கிக்கொண்டு பாஸ் சொன்னேன். மயிரிழையில் போயிற்று. வழியெல்லாம் "நமக்கு நேரம் சரியில்லப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தாய். நானும் ஆமாம் போட்டேன்.

இனி என்னைக் கேட்பதாக இருந்தால் எழுது. இல்லையென்றால் உடம்பைப் பார்த்துக்கொள்.

வெல்டர்

ஏப்ரல் 9

வெல்டருக்கு,

மகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். "என்ன பண்ணலாம்னு நீங்களே முடிவு பண்ணுங்கப்பா, ஆனா இந்த வாரமே சொல்லிடுங்க" என்கிறான். மருமகள் ஒரு முதியோர் இல்லம் பார்த்துவைத்திருக்கிறாள். நல்லவள்தான், ஜன்னல் உள்ள அறையாகக் கேட்டிருக்கிறாள்.

எல்லோருக்கும் சேர்த்து முடிவெடுத்து எனக்கு அலுத்துவிட்டது. உன் மகளுக்குக் கல்யாணமான பிறகு முன்னறை காலி என்று தெரியும். இதற்குமேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். நிதானமாக விட்டத்தைப் பார்.

மூன்று ஸ்பேட்.

டிராயிங்

ஏப்ரல் 17

அன்புள்ள பார்ட்னருக்கு,

விட்டத்தைப் பார்த்தேன். ஒட்டடை இருந்தது, அடித்துவிட்டேன்.

நான்கு ஸ்பேட்.

ஏலம் முடிந்தது. ஸ்பேட் என்று முதலில் சொன்னவன் நீ. அதனால் ஆடுவது நீ, டம்மி நான். சீட்டையெல்லாம் மேசைமேல் விரித்துவிட்டுச் சும்மா இருப்பதுதானே டம்மியின் வேலை. விரிக்கிறேன், பார்த்துக்கொள். முன்னறை மின்விசிறி கடகடவென்று சத்தம் போடும். தண்ணீர் காலையில் மட்டும்தான். என் குறட்டை உனக்குத் தெரியாது, சுவரைத் தாண்டி வரும். மகள் வந்தால் நம் இரண்டு பேருக்கும் திட்டு உண்டு. சமையல் நான்தான், அதில் சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. பெரிய சீட்டாக ஒன்றும் இல்லை பார்ட்னர்.

குளியலறைப் படி கொஞ்சம் உயரம். நேற்று பழைய வெல்டிங் கண்ணாடியைத் தேடியெடுத்து, சுவரோரம் ஒரு இரும்புக் கைப்பிடி பற்றவைத்தேன். பழக்கம் விட்டுப்போனதில் கொஞ்சம் கோணலாகிவிட்டது. தொங்கிப் பார்த்தேன். தாங்குகிறது.

வெல்டர்