எண்ணூறா, ஆயிரமா

ஆகஸ்ட் 9, சனி

காலையிலிருந்து காற்று, நடுநடுவே தூறல். கொடியில் போட்ட துணி மூன்றாம் முறையாக உள்ளே.

கார் கராஜில் படுத்து ஒரு வாரத்துக்கு மேல். பாடசாலைத் தவணையின் கடைசி நாள் விட்டு வரும்போது, ரத்தோட்டைக்குக் கொஞ்சம் மேலே புகை. பிறகு ஒரு சத்தம். அத்தோடு நின்றது நின்றதுதான். மெக்கானிக் நௌஷாட் பாஸ் திறந்து பார்த்துவிட்டு, "இந்த என்ஜின் இறுகிப் போச்சு முதலாளி. இதுக்குச் செலவழிச்சுப் புண்ணியம் இல்ல. வேற ஒண்டு போடுவம்" என்றார். முதலாளி என்றது இவரை, என் வீட்டுக்காரரை. நானும் பக்கத்தில்தான் நின்றேன், கம்பம் மாதிரி. கார் என் பேரில். ஓட்டுவது நான். பதினொரு வருடமாக ரிவர்ஸ்டன் பக்கம் அந்த மலையை ஏறி இறங்குவது நான். பாஸுக்கு அதெல்லாம் கணக்கில்லை. ஹார்ட்வெயார் கடையில் ஆணி விற்கிற புருஷனுக்கு என்ஜினும் தெரியும், பெண்டாட்டிக்கு என்ன தெரியும்.

18ஆம் திகதி பாடசாலை திறக்கிறது. அதற்குள் கார் வேண்டும். மேலே போகிற பஸ்ஸை நம்பினால் இரண்டாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேரலாம். பதினோராம் ஆண்டுக்கு இந்த முறை சோதனை. கணக்குக்கு என்னை விட்டால் அங்கே ஆள் கிடையாது.

போடக்கூடியவை:
எண்ணூறு சீசீ – பழையதின் தம்பி. கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்‌ஷன். அதே இடத்தில் அப்படியே உட்காரும்.
அறுநூற்றறுபது, டர்போ – ஜப்பான் சரக்கு. வேகம்.
ஆயிரம், நாலு சிலிண்டர் – பாரம். தாங்குகிற இடத்தை வெட்டி ஒட்ட வேண்டும், கியர் பெட்டி வேறு, காரின் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும்.

எனக்கு எண்ணூறு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். துணி ஒருவழியாகக் காய்ந்தது.

இவரோடு கராஜுக்குப் போனேன். ஒரே ஒரு நாற்காலி. அதில் முதலாளி. நான் டயர் மேல். எண்ணூறு என்றதும் இவர், "அது மலைக்கு இழுக்காது" என்றார். எனக்கு வந்ததே கோபம். "பதினொரு வருசமா என்னைய மேல ஏத்துனது என்ன, அம்மன் தேரா?" என்று கேட்டேன். பாஸ் சிரிப்பை அடக்கக் கீழே விழாத ஸ்பானரைத் தேடினார்.

பிறகு இவருக்கு டர்போ பிடித்தது. சரி, அதைப் பற்றியாவது ஒழுங்காகப் பேசுவோம் என்று சொன்னேன்: அந்த வளைவுகளில் வண்டி போவது ஆள் நடக்கிற வேகம், முதல் கியர். அந்த வேகத்தில் டர்போ தூங்கும். அது விழிக்கும்போது அடுத்த வளைவு வந்துவிடும். இவர் பாஸைப் பார்த்து, "யூடியூப் பாக்குறா" என்றார்.

ஆமாம், பார்க்கிறேன். உங்களைக் கேட்டு அறிந்துகொள்ள முடியாததால் பார்க்கிறேன்.

வரும் வழியில் மிளகாய்த்தூள் வாங்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வானம் மப்பு. தலைவலி.

இன்று டர்போவும் கூடாதாம். சூடாகுமாம். இனி ஆயிரம்தானாம். அது கொழும்பிலிருந்து வர வேண்டும். வந்தாலும் வெட்டி ஒட்ட வேண்டும், அனுமதி எடுக்க வேண்டும். ஆக மாதக் கடைசி. சொல்லும்போது முகத்தில் ஒரு கவலை இல்லை. சாப்பிட்டுக்கொண்டே சொல்கிறார், பருப்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக்கொண்டே.

பிறகு பழைய பல்லவி. டவுனில் ஒரு பாடசாலையில் கணக்குக்கு இடம் இருக்கிறது. திறப்பதற்கு முன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் இடமாற்றம் கிடைக்கும். "வீட்டுல இருந்து நடந்தே போகலாம். நீ தலையாட்டினா போதும்."

காரில்லாமல் என்ன செய்யப்போகிறேன் என்று யோசித்து, ஒரு நிமிடம் சரி சொல்லிவிடலாமா என்று இருந்தது. வாய்வரைக்கும் வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் எரிச்சல். பருப்புச் சட்டியை நான் வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதிவிட்டுத்தான் சமையல்.

இவர் கடைக்குப் போன பிறகு த்ரீவீல் பிடித்துத் தனியாகக் கராஜுக்குப் போனேன். ஆயிரம் எங்கே நிற்கிறது என்று கேட்க. பாஸ் என்னைக் கண்டு ஆச்சரியப்பட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "டீச்சர் டவுன் ஸ்கூலுக்கு மாறுறீங்கதானே? இனி என்ன அவசரம்?"

யார் சொன்னது என்றேன்.

"முதலாளிதான். முந்தாநாள் வந்து, மாற்றம் சரியாகும் வரைக்கும் மெதுவா இழுங்க எண்டாரு. டீச்சருக்கும் தெரியும்தானே?"

எனக்குத் தெரியாது என்றேன். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. மூலையில் சாக்குப் போட்டு மூடி ஏதோ இருந்தது. என் கண் அங்கே போவதைப் பார்த்து அவரே சாக்கை இழுத்தார். எண்ணூறு. நான் கேட்ட அதே எண்ணூறு. தம்புள்ளையில் பழைய என்ஜின் விற்கிற ஒரு யார்டிலிருந்து முதல் வாரமே கொண்டுவந்து இறக்கியதாம். இவர் வேண்டாம் என்று மூடி வைக்கச் சொன்னாராம்.

திங்கட்கிழமை நான் அந்த டயர் மேல் உட்கார்ந்து வளைவுகளைப் பற்றி வகுப்பு எடுத்தபோது, என்ஜின் எனக்குப் பின்னால் இருந்திருக்கிறது! டர்போ கூடாது, ஆயிரம் நல்லது, அது சூடாகும், இது இழுக்காது, எல்லாம் நாடகம். எது வந்து சேர அதிக நாள் எடுக்குமோ அதுதான் இவருக்கு நல்ல என்ஜின். என் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார். அதற்கு நான் பருப்பும் ஊற்றியிருக்கிறேன்.

"ஓட வச்சுக் காட்டுங்க" என்றேன். பாஸ் அதை ஒரு டயர் மேல் ஏற்றி, பற்றரி கொடுத்து, பெற்றோல் போத்தலுக்குள் பம்பை இறக்கி இணைத்தார். உடனே பிடித்தது. ஒயில் மூடியைக் கழற்றச் சொல்லி மேலே உள்ளங்கையை வைத்தேன். புகை அடிக்கவில்லை. சத்தம் சீராக இருந்தது.

"இதைப் போடுங்க."

"முதலாளிட்ட ஒரு வார்த்தை..."

"கார் யார் பேர்ல இருக்கு, பாஸ்?"

சாக்கை மடித்து வைத்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

இரவெல்லாம் மழை. தூக்கம் இல்லை, அது மழையால் இல்லை.

நேற்று இவர் வந்ததும் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு, "உன் நல்லதுக்குத்தான்" என்றார். என் நல்லதை எனக்குத் தெரியாமல் மூலையில் மூடி வைப்பது என்ன வகை நல்லது என்று கேட்டேன். சட்டையைக் கழற்றி மாட்டினார், திரும்ப எடுத்துப் போட்டார், கடைசியில் கட்டிலில் உட்கார்ந்து, "அந்தக் கல்லு விழுந்த நாள்ல இருந்து எனக்கு நிம்மதியே இல்ல" என்றார்.

போன மார்கழி மழையில் ஒரு கல் உருண்டு காருக்கு முன்னால் விழுந்தது. நான் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். இவரும் சிரித்தார். அன்றிலிருந்து நான் வந்து சேரும்வரை கடை வாசலில் நிற்பாராம். எனக்கு இது தெரியாது. தெரிந்ததும் மனசு கொஞ்சம் இளகியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கோபம் போகவில்லை. பயம் என்றால் பயம் என்று சொல்ல வேண்டியதுதானே. வாயில் என்ன கொழுக்கட்டையா? ஊரில் உள்ள என்ஜினையெல்லாம் குறை சொல்லியா பயத்தைக் காட்டுவது? எனக்கும் அந்த வளைவில் பயம்தான். இத்தனை மாதமும் அதை நான் தனியாகச் சுமந்தேன், இவர் தனியாகச் சுமந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கட்டிலில்.

காலையில் பரீதா டீச்சருக்குப் போன் பண்ணினேன். ஸ்டாஃப்ரூம் சீட்டுப் பணம் அவர் கையில். என் முறைக்கு இன்னும் நாள் இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றார். "என்னத்துக்கு டீச்சர், நகையா?" "என்ஜின்." "அல்லாஹ்!" என்று சிரித்தார்.

இன்று ஜும்ஆ தொழுகை, கராஜ் அரை நாள். பரவாயில்லை, பழையதை இறக்கியாயிற்று.

இவரோடு பேச்சு இல்லை. தேநீர் மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காற்று அடங்கியது. நல்ல வெயில்.

பின்னேரம் பாஸ் பிஸ்மில்லா சொல்லிவிட்டுச் சாவியை என்னிடம் நீட்டினார். இவரிடம் இல்லை, என்னிடம். நான் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தேன், நாலும் நசுங்கின. "டீச்சர், கொஞ்ச நாளைக்கு வேகம் போகாதீங்க" என்றார். அந்த மலையில் யார் வேகம் போகிறார்கள்?

டவுன் இடத்துக்கு முடியாது என்று சொல்லியாயிற்று.

இரவுச் சாப்பாட்டில் இவர் மெல்ல வாயைத் திறந்தார். "நாளைக்கு நானும் வர்றேன்." கடை? "ஒரு நாள் பூட்டிட்டா குடி முழுகிடாது."

ஆகஸ்ட் 18, திங்கள்

விடியக் குளிர். மேலே மூட்டம்.

ஏறியது! முதல் கியரில் முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. இவர் தலைக்கு மேல் உள்ள பிடியை ரத்தோட்டையில் பிடித்தவர், விடவே இல்லை. அந்த வளைவில் கல் இன்னும் ஓரமாகக் கிடக்கிறது. யாரோ வெள்ளை அடித்திருக்கிறார்கள்.

"இதுவா?" என்றார்.

"இதுதான். ஒவ்வொரு நாளும் ரெண்டு தடவை இதைத் தாண்டுறேன்."

கல் மறையும்வரை இவர் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

திரும்பிப் போக பஸ் இல்லாததால் மணி அடிக்கும்வரை மதிலோரம் உட்கார்ந்திருந்தார். பதினோராம் ஆண்டில் ஒரு பிள்ளை ஜன்னலால் எட்டிப் பார்த்து, "டீச்சர், டிரைவர் வச்சிருக்கீங்களா?" என்றது. வகுப்பே சிரித்தது. நானும்தான்.

பாடசாலை விட்டு வந்தால், காரின் ஓட்டுகிற பக்கக் கதவோரம் இவர் நிற்கிறார், கையை நீட்டிக்கொண்டு. "சாவியக் குடு. எறக்கத்துல நான் ஓட்டுறேன்."

கொடுக்கவில்லை.