அப்பாவின் முன்வாசல்

எல்ம்ஸ்பரோ, வட கரோலினா
நவம்பர் 1964

டெட்ராய்டில் இருக்கும் என் மகள் கோரினுக்கு, அம்மா அன்போடு எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். அங்கே இதற்குள் பனி கொட்டியிருக்கும். கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொள்கிறாயா?

நம் மருந்துக்கடைக்கு இப்போது யாரும் வருவதில்லை. அப்பா வழக்கம்போல் காலையில் திறந்து, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு உட்காருகிறார். பளிங்கு மேடையைத் துடைக்கிறார். துடைத்ததையே மறுபடியும் துடைக்கிறார். மெயின் தெரு வெள்ளைக்காரர் மருந்துக்கடையின் சாப்பாட்டு மேடையில் நம் கறுப்புச் சனத்தையும் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும் என்று சட்டம் வந்ததிலிருந்து எல்லாரும் அங்கேதான். போன வாரம் நம் பழைய வாடிக்கை பியூலா அந்தக் கடைப் பையைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு நம் வாசலைக் கடந்தாள். அப்பா வெளியே போய், "என்ன பியூலா, பையைத் திருடிட்டா வர்ற? வெளிய எடுத்துப் பிடி, மழையா பெய்யுது?" என்றார். அவள் அழுதுவிட்டாள்.

நீ பிறப்பதற்கு முந்தைய கதை ஒன்று. அப்பாவுக்குப் பன்னிரண்டு வயதில் உன் பாட்டிக்கு விஷக்காய்ச்சல். மருந்து வாங்க மெயின் தெருக் கடைக்கு ஓடினார். பின்வாசலில் நில் என்றார்கள். வெள்ளைக்காரர் எல்லாரும் வாங்கி முடிக்கும்வரை மழையில் நின்றார். மருந்தோடு வீடு வந்தபோது உன் பாட்டி போய்விட்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் மருந்தாளர் படிப்பு, சர்ச் தெருவில் கடை, நம் பிள்ளைகள் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சோடா குடிக்க அந்த ஸ்டூல்கள் எல்லாம். அவருடைய இருமல் மருந்துக்காக வெள்ளைக்காரர்கள் இருட்டியதும் பின்கதவைத் தட்டுவார்கள். "முன்வாசல் திறந்துதான் இருக்கு, சுத்தி வாங்க" என்பார். ஒருவருக்கும் பின்கதவு வழியே கொடுத்ததில்லை.

அதனால்தான் வெள்ளைக்காரருக்கு மட்டும் என்றிருந்த அந்த மெயின் தெருக் கடை ஸ்டூலில் நீ போய் உட்கார்ந்து, எழ மறுத்து ஜெயிலுக்குப் போனபோது அவருக்கு அவ்வளவு கோபம். "நான் உனக்கு ஸ்டூல் போட்டுத் தரலையா? அவன்கிட்ட போய் ஏன் கெஞ்சுற?" என்று அவர் கேட்டதும், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறியதும் எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது.

வியாழக்கிழமை அவர் சர்ச்சுக்குப் போடும் கோட்டை மாட்டிக்கொண்டு மெயின் தெருவுக்கு நடந்தார். கூட வராதே என்றார். மனம் கேட்காமல் பின்னாலேயே போய், கண்ணாடி வழியே பார்த்தேன். பரிமாறும் வெள்ளைக்காரப் பெண்ணிடம் எதையோ கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். பிறகு கடைசி ஸ்டூலில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு காப்பி குடித்தார். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

இரவுச் சாப்பாடு முடிந்தது. பிறகு என்னிடம் சொன்னார்: "நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு எந்த ஸ்டூல்ல உட்கார்ந்தான்னு கேட்டேன். அந்தப் புள்ளை புதுசு, தெரியலைன்னுது. ஓசெல்லா, காப்பி மட்டம். ஆனா அங்க உட்கார்றப்ப எனக்குக் காலு நடுங்கிச்சு. இன்னைக்கு எவனும் ஒண்ணும் சொல்லலை, அதுக்கே இப்படி. நம்ம பொண்ணு தலையில அவனுங்க சாஸைக் கொட்டினப்பவும் எந்திரிக்காம இருந்தாளே." எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டார். அவர் பாத்திரம் கழுவி நீ பார்த்திருக்கிறாயா?

கிறிஸ்துமஸோடு கடையை மூடுகிறோம். அப்பா உனக்கு எழுத மாட்டார், தெரிந்ததுதானே. வரச்சொல் என்றும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் உன் அறை ஜன்னல் இறுகிக்கொண்டு திறக்காமல் கிடந்ததல்லவா, நேற்று அதை இழைத்து, எண்ணெய் போட்டு, பலமுறை திறந்து மூடிப் பார்த்தார்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக, மகளே.

உன் அம்மா,
ஓசெல்லா பெட்டிக்ரூ