பெருங்களத்தூர் ரூம் வேண்டாம்

மேற்கு தாம்பரம்
நவம்பர் 9

அன்பு மகன் ஜெஃப்ரிக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் தங்கை கெசியாவும் சுகம், நீயும் ஜெரூஷாவும் எபியும் அங்கே மெல்போர்னில் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததும் எங்கள் முதல் ஜெபம். எனக்குக் கண் ஆபரேஷன் ஆகிப் பதினாறு நாள் ஆகிறது, இன்னும் எழுதப் படிக்கக் கூடாது என்பதால் நான் சொல்லச் சொல்லக் கெசியா எழுதுகிறாள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று ஜெரூஷா சிரிப்பாள். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாய், எபி நடுவில் வந்து டைனோசரைக் காட்டுகிறான், நான் சொல்ல வந்தது போய்விடுகிறது. நம் சர்ச் ஜெர்சன் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் முறுக்கோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். லீவுக்கு வந்தால் எங்கே தங்கலாம், எந்தத் தேதி நல்லது என்று கேட்டிருந்தாய். நீ பிடித்து வைத்திருக்கிற பெருங்களத்தூர் அபார்ட்மெண்ட் வேண்டாம். ஜனவரி எட்டிலிருந்து பதினெட்டு வரை என்கிற தேதியும் வேண்டாம். நவம்பர் இருபதுக்குள் கேன்சல் செய்யலாம் என்றாயே, அதற்குள் செய்துவிடு. அந்த பில்டிங்கில் லாரித் தண்ணீர்தான், இரண்டு நாள் குளித்தால் ஜெரூஷாவுக்கு முடி கொட்டிவிடும். கொசு வேறு. லிஃப்ட் பாதியில் நின்றுவிடுமாம், ஏழாவது மாடி, எபியை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்.

அண்ணா, இதுவரை அம்மா சொன்னது. மீதியை நீயே எழுதி முடி என்று சொல்லிவிட்டு, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்கள். அந்த பில்டிங்கில் தண்ணீர் எப்படி என்று எங்களுக்குத் தெரியாது, நாங்கள் உள்ளே போனதே இல்லை. லிஃப்ட் நிற்கும் என்பதும் அம்மா இப்போது சொன்னதுதான். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறோம், கொசுவுக்கு மெஷின் வைத்துக்கொள்கிறோம் என்று நீங்கள் சொல்லிவிட்டால் நாங்கள் வேறு பொய் தேட வேண்டும், அதனால் உள்ளதை எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு உயிர் போனது ஆஸ்பத்திரியில் இல்லை. நீங்கள் அனுப்பிய பால்கனி போட்டோவில் கீழே ரோடு தெரிகிறதே, அந்த ரோட்டில், ஆம்புலன்ஸில், போன ஜனவரி பத்தாம் தேதி சாயங்காலம் ஆறே முக்காலுக்கு.

அன்றைக்குப் போகிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. ஊருக்குப் போகிற கார் எல்லாம் ஜிஎஸ்டி ரோட்டில் இறங்கிவிட்டது. மத்தியானத்திலிருந்தே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது, ஐந்து மணிக்கு மேல் முடியவில்லை. எந்த ஆஸ்பத்திரி என்று டிரைவர் கேட்டார். தாம்பரத்திலேயே ஒன்று இருக்கிறது, பத்து நிமிஷம்தான். நான் கூடுவாஞ்சேரி தாண்டி, டயாலிசிஸ் செய்கிற இடத்துக்குப் போகச் சொன்னேன். ஃபைல் அங்கேதான் இருக்கிறது என்றேன். ஃபைல் இல்லாத இடத்துக்குப் போனால் எல்லா டெஸ்டும் முதலிலிருந்து எடுப்பார்கள், அப்பாவுக்கு ஊசி குத்த நரம்பு கிடைக்காது, கையெல்லாம் கறுத்துப் போகும். இரண்டு வருஷம், வாரம் இரண்டு தடவை அப்பா கூடப் போனவள் நான், பத்தாம் வகுப்பை விட்டதே அதற்காகத்தான், அதனால் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். டிரைவர், இன்னாமா, இன்னிக்குப் போய் அந்தப் பக்கமா, ரோடு ஃபுல்லா பொங்கல் கூட்டம் கீதேமா என்றார். ஆனாலும் எடுத்தார். பெருங்களத்தூர் சிக்னலுக்கு முன்னால் வண்டி நின்றது. சைரன் அடித்துக்கொண்டே நின்றது. வழி விட யாருக்கும் மனசில்லை என்று சொல்ல மாட்டேன் அண்ணா, நகர இடம் இல்லை. திருநெல்வேலி பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் இறங்கி, ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டி, ஏ தள்ளுங்கப்பா, லெஃப்ட்ல ஒடிங்கப்பா, உள்ள ஆள் இருக்குல்ல என்று கத்திக்கொண்டு முன்னால் நடந்தார்கள். பக்கத்துக் காரின் மேலே கரும்புக் கட்டு இருந்தது, அதன் தோகை எங்கள் கண்ணாடியில் உரசிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிஷத்தில் இரண்டு பஸ் நீளம் நகர்ந்திருப்போம். அம்மா அப்பாவின் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். வண்டி ஏன் நிக்குது என்று அப்பா கேட்டார். இதோ போயிடுச்சுப்பா என்றேன். அதற்குப் பிறகு அப்பா எதுவும் கேட்கவில்லை.

நீங்கள் அங்கே டிக்கெட் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரியில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அம்மா போனில் சொன்னார்கள். கஷ்டப்பட்டாரா என்று கேட்டீர்கள், இல்லை என்றார்கள். அடக்கத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்த உங்களிடம் வேறு எப்படிச் சொல்வது. பிறகு எல்லோருக்கும் அதையே சொன்னோம், ஆயரும் அப்படியே சொல்லித்தான் ஜெபித்தார். சொல்லிச் சொல்லிப் பாதி நாள் எனக்கே அப்படித்தான் நடந்த மாதிரி இருக்கும்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நீங்கள் போட்டோ அனுப்பினீர்கள். வீட்டிலிருந்து பத்து நிமிஷம், அம்மாவுக்கும் உனக்கும் எக்ஸ்ட்ரா பெட் சொல்லியிருக்கிறேன், அப்பாவின் வருஷ நாளில் எல்லோரும் பால்கனியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம் என்றீர்கள். மேப்பில் பார்த்தால் நல்ல இடம்தான், யார் பார்த்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். அம்மா போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். சிக்னல் தெரிந்தது. நல்லா இருக்குப்பா என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் கொடுத்து, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று எழுந்து போனார்கள். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, அன்றைக்கும் வரவில்லை, இன்று வரைக்கும் வரவில்லை. சோறு வடிக்கிறேன், துணி மடிக்கிறேன், அப்படியே போகிறது.

அதனால் ஜனவரி இருபதுக்கு மேல் வாருங்கள், ஊருக்குப் போனவர்கள் எல்லாம் அதற்குள் திரும்பியிருப்பார்கள். எபி ஸ்கூலுக்கு ஒரு வாரம் தாமதமாகப் போனாலும் ஒன்றும் ஆகாது என்று அண்ணியே சொன்னார்கள். நினைவு ஜெபத்தை இருபத்துநாலாம் தேதி வைத்துக்கொள்ளலாமா என்று ஆயரிடம் கேட்டுவிட்டேன், பிள்ளைகள் வருகிற நாள்தான் நல்ல நாள் என்றார். பத்தாம் தேதியை நானும் அம்மாவும் எப்படியாவது ஓட்டிவிடுவோம். தங்குவதற்குப் பொழிச்சலூரில் அத்தை வீட்டு மாடி காலியாக இருக்கிறது, இரண்டு ரூம், ஒன்றில் ஏசி. தலைக்கு மேல் ப்ளேன் இறங்கும், எபி குதிப்பான், உங்களுக்குத் தூக்கம் போகும். இன்னும் ஏன் ஒரே பிள்ளையோடு இருக்கிறீர்கள் என்று அத்தை அண்ணியிடம் கேட்காமல் விட மாட்டார்கள், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்கிருந்து பல்லாவரம் வந்தால் தி.நகர், பீச் எல்லாம் போகலாம், பெருங்களத்தூர் பக்கமே வர வேண்டாம். எபி வண்டலூர் ஜூ கேட்டால் மின்சார ரயிலில் கூட்டிப் போங்கள், காரில் வேண்டாம். இதைப் படித்த பிறகும் அந்த ரூம்தான் வேண்டும் என்றால் எடுங்கள், நான் வருகிறேன், அம்மாவைக் கூப்பிடாதீர்கள். அம்மாவிடம் எதையும் கேட்கவும் வேண்டாம். எங்கே போக வேண்டும் என்று டிரைவரிடம் சொன்னது நான், கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.

அம்மா எழுந்துவிட்டார்கள். படித்துக் காட்டு என்றார்கள். லிஃப்ட்டோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன், மூன்று தாள் இருக்கிறது, மீதி எங்கே என்றார்கள். முழுவதும் படித்தேன். பேனாவுக்குக் கையை நீட்டினார்கள். எழுதக் கூடாதும்மா என்றேன், நாலு வரிக்குக் கண் போய்விடாது என்றார்கள்.

ஜெஃப்ரி, கெசியா எழுதியதெல்லாம் உண்மை. பொய் சொன்னது நான், என்னை மன்னித்துக்கொள். இருபதாம் தேதிக்குள் ரூமை மாற்று, மறக்காதே. கர்த்தர் உங்கள் மூவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக, எபிக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் இவள் எழுதாமல் விட்டுவிட்டாள். டிரைவர் கேட்டதும் இவள் பதில் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் சொன்னாள். நான் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்பாள். நீ வந்து இவளை உட்கார வைத்துச் சொல்லு.

உன் அம்மா
ஹில்டா ஞானையா