வரவேற்பு மேசையைத் தாண்டிப் போனவள்

அன்புள்ள டாம்சின்,

லண்டன் வரவேற்பு மேசைகளின் சக்கரவர்த்தியான உன் மாமா எழுதுவது.

காலையில் எங்கள் சட்ட நிறுவனத்துக்குப் பயிற்சி வக்கீல் நேர்காணலுக்கு வந்தாய். "வாடி ராசாத்தி!" என்றேன். என்னைத் தூண் என்று நினைத்தவள்போலத் தாண்டிப் போனாய். பதற்றம்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

வந்தவர்கள் வாசலில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று இங்கே என்னிடமும் கேட்பார்கள். அதை உன்னிடம் சொல்லாமல் விட்டேன். சாயங்காலம் பெரிய வக்கீலம்மா ஹெஸ்கெத் கேட்டார்: "அந்தப் பச்சைக் கோட்டுப் பொண்ணு எப்படி?"

என் இதயம் தேம்ஸ் நதிக்கு அக்கரையில் போய் விழுந்தது.

"தங்கமான பொண்ணும்மா! ராஜாவுக்குக்கூட இவ்வளவு பணிவா வணக்கம் வச்சிருக்க மாட்டா!"

"அப்படியா? நான் மாடிப்படியில நின்னு பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். உனக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா என்று தெரியவில்லை.

இப்போதும் உன்னைத் தெரிந்த,
மாமா