நாற்பத்தொன்றாம் டப்பா

மார்ச் 4
இந்த நோட்டு யார் கையில் சிக்கினாலும் சரி, காலில் விழுகிறேன், ஒருவரிடமும் காட்டாதீர்கள். சித்தியிடம் காட்டவே காட்டாதீர்கள். வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே இடம் குளியலறைதான். அங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

எங்கள் வகுப்புக்கே வயிற்றுப்போக்குக்கான தடுப்பு மருந்தை வாயில் ஊற்றினார்கள். அது வேலை செய்ததா என்று பார்க்க ஏழாம் நாள் ரத்தமும் மலமும் கொடுக்க வேண்டும். சோதிக்கிற இடத்தில்தான் சித்திக்கு வேலை. ஆனால் டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. நான் நாற்பத்தொன்று.

இன்று ஏழாம் நாள். ரத்தம் பள்ளியிலேயே எடுத்துவிட்டார்கள். மற்றது வரவே இல்லை! நர்ஸ் ஐஸ் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். அம்மா கதவை இடிக்கிறாள்: "என்னடி, உள்ள குடித்தனமா நடத்துற?" தம்பி ஆய் இருந்துவிட்டுப் போனது இங்கே அப்படியே கிடந்தது. இரண்டு வயது, மருந்தே குடிக்காதவன். கரண்டியால் எடுத்து என் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

மார்ச் 9
யாரும் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 19
சாப்பிடும்போதுகூட மலப் பேச்சுதானா இந்த வீட்டில்? சித்தி தட்டைத் தள்ளிவிட்டுப் புலம்பினாள்: "இந்த நாற்பத்தொண்ணு என் உயிரை வாங்குதுக்கா. ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி எகிறி நிக்குது, மலத்தைப் பார்த்தா குடல்ல துளிகூட இல்ல. கிருமி நுழையறதே குடல் வழியாத்தான். அங்க காவல் இல்லாம என்ன புண்ணியம்?"

"அந்தப் பிள்ளை மருந்தை மென்னு முழுங்கலையோ?" என்றார் அப்பா.

"அத்தான், சும்மா இருங்க."

மார்ச் 22
மூன்றாம் தடவையும் சோதித்தாளாம். அதே முடிவு. ஆயிரம் தடவை சோதித்தாலும் தம்பி நானாகிவிடுவானா? கத்த வேண்டும் போலிருக்கிறது. யார் மேல்? என் மேல்தான்.

மார்ச் 25
சித்தி இப்போது சந்தோஷமாக இருக்கிறாள். அது இன்னும் மோசம். "சில பேருக்கு மருந்து குடலைத் தொடாமலே வேலை செய்யுதோ என்னவோ! வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க." வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷத்தில் இதுதான் முதல் தடவையாம்.

சொன்னால் என் தோலை உரிப்பாள். சொல்லாவிட்டால் அவள் மானம் போகும். ஏன்தான் செய்தேன்?

மார்ச் 28, வியாழன் இரவு
கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறாள். "நாற்பத்தொன்று" என்னும்போது குரலில் ஒரு கொஞ்சல் வேறு. தாங்க முடியவில்லை.

அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் காகிதங்களின் மேல் ஒரு சீட்டு வைத்துவிட்டு ஓடி வந்து தாழ் போட்டுக்கொண்டேன். 'டப்பாவில் இருந்தது தம்பியுடையது. ரத்தம் மட்டும்தான் என்னுடையது. மன்னிச்சுடு சித்தி.'

திரும்பி வந்துவிட்டாள். சீட்டை எடுக்கிறாள் போல, காகிதம் சரசரக்கிறது. திட்டினாலாவது—

வருகிறாள். தட்டுகிறாள்.

"நாற்பத்தொண்ணு, கதவைத் திற—"