செபமாலை நேரத்தில் காட்டுமாடு

அக்டோபர் 14, செவ்வாய், இரவு

என் கணவர் இறந்த பிறகு மாலை ஆறு மணி செபமாலையை நான் ஒருநாளும் தவறவிட்டதில்லை. விருந்தாளி வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். இன்று பெருமாள்மலையிலிருந்து மளிகைக்கடை சலீமின் ஜீப்பில் வீட்டுக்குக் கிளம்பும்போதே நேரமாகிவிட்டது. பாதி வழியில், வளைவில் ஒரு காட்டுமாடு சாலையை அடைத்து நின்றது.

"ஹாரன் அடிங்க தம்பி, எனக்குச் செப நேரம்" என்றேன்.

"அடிச்சா ரெண்டு பேரும் நேரா சொர்க்கத்துல போய்த்தாம்மா செபிக்கணும். எனக்கும் மஃரிப் தொழுகை போகுது. அது சோலிய முடிச்சுட்டுப் போகட்டுங்க" என்று என்ஜினை அணைத்துவிட்டார்.

எரிச்சலோடு செபமாலையை எடுத்துச் சிலுவை அடையாளம் வரைந்தேன். அப்போது அது தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பாறை போல் கறுத்த உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. மூச்சு குளிரில் புகையாக எழுந்தது. அதன் பின்னால் மூடுபனி விலகி, பள்ளத்தாக்கு முழுவதும் சிவந்து கிடந்தது. என் விரலில் ஒரு மணிகூட நகரவில்லை.

அது சரிவில் இறங்கி மறைந்த பிறகும் சலீம் வண்டியைக் கிளப்பவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மெழுகுவர்த்தி ஏற்றி, விட்டுப்போன செபத்தைச் சொல்ல முழந்தாளிட்டேன். விட்டுப்போனதாகவே தோன்றவில்லை. ஆண்டவருக்கு நான் நேரம் கொடுத்து வருவதாக எனக்கு ஒரு பெருமை இருந்தது. இன்று அவரே எடுத்துக்கொண்டார்.

எரியும் மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு நான் படுக்கப் போனதே கிடையாது. இன்று அதை அணைக்க மனம் வரவில்லை.